ரோஸா பச்சையா என்று ஒரு வழக்கு

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம், மழைக்காலம் முழுக்க நானும் என் மாமியாரும் ஒரு சுவரை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அறுபதுகளின் கடைசி அது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் எங்கள் வீடு. ஒரு முன் ரூம், அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போட ஓர் இடம். வீட்டில் மூன்று பேர். என் கணவர், அவருடைய அம்மா, நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகி, முன் ரூம் சுவரில் போட்டோவாகத் தொங்கிக்கொண்டிருந்தார். இந்தச் சண்டையில் கடைசிவரை வாயே திறக்காத புத்திசாலி அவர் ஒருவர்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தக் காலத்துச் சுண்ணாம்பின் குணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது சுவரில் பாதியை முதுகில் ஏற்றிக்கொண்டு போவார். அந்த வருஷம் என் பிறந்த வீட்டார் திருவொற்றியூரிலிருந்து பண்டிகைக்கு வருவதாக இருந்தது. அதனால் மாமியார் பெரிய மனது பண்ணினார்.

"இந்த வாட்டி டிஸ்டம்பர் அடிச்சிரலாம். உங்க வூட்டு ஆளுங்க முதுவுல சுண்ணாம்போட ரோட்டுல நடந்து போயி எங்க மானத்த வாங்க வோணாம்" என்றார்.

இதை நான் உபசாரம் என்றே எடுத்துக்கொண்டேன். புது மருமகள் எல்லாவற்றையும் உபசாரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் டிஸ்டம்பர் என்றால் ஒரு நிறம் வேண்டுமே. என்ன நிறம் என்பதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

மாமியாருக்கு ரோஸ். கோயிலில் அவருக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஓர் அம்மாளின் மகன் கப்பலில் வேலை பார்த்தான். அந்த அம்மாள் தன் வீட்டு முன் ரூமுக்கு ரோஸ் அடித்திருந்தாள். அங்கே போய் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்த நாளிலிருந்து என் மாமியாருக்கு வேறு நிறமே கண்ணில் படவில்லை. ரோஸ் சுவர் இருந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் சிவப்பாகத் தெரிவார்களாம். கறுத்த மருமகளை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அதுதான் உகந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிற மாதிரி என் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

எனக்கு இளம் பச்சை. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். புடவையின் ஓரத்தைக் காட்டினால் அதற்குச் சேர்கிற நூலைப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துவிடுவேன். நிறம் என்று வந்துவிட்டால் என்னைக் கேட்காமல் ராயபுரத்தில் ஒரு மாங்காய்கூடப் பழுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு எனக்கு. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, தையல் மெஷினில் குனிந்து நிமிர்கிறவளுக்கு நல்லது, துறைமுகத்திலிருந்து வருகிற நிலக்கரித் தூசியும் சீக்கிரம் தெரியாது. இதையெல்லாம் நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"பச்சன்னா ஆசுபத்திரி. உள்ள வர்றவங்க எந்த வார்டுன்னு கேப்பாங்க" என்றார் மாமியார்.

"ரோஸ்னா பல்பொடி, அத்தே. உள்ள வர்றவங்க வெரல வுட்டு வாயில வச்சிக்குவாங்க" என்றேன்.

அன்று எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு இல்லை. யார் போடவில்லை என்பதைப் பற்றி இன்றுவரை இரண்டு கருத்துகள் உண்டு.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வின்ச் ஓட்டும் வேலை அவருக்கு. கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைக் கொக்கியில் மாட்டித் தூக்கிக் கரையில் இறக்குகிற மெஷின் அது. கீழே நிற்கிற ஆள் கையை உயர்த்தினால் தூக்க வேண்டும், கையை விரித்தால் நிறுத்த வேண்டும், தாழ்த்தினால் இறக்க வேண்டும். அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். வீட்டிலோ அவருக்குச் சோம்பேறி என்று பெயர். பெயர் வைத்தது அவரைப் பெற்றவர்தான்.

காரணம் ஒரு பிரமோஷன். துறைமுகத்துக்குள் சரக்கு ரயில்பெட்டிகளை இழுத்துக்கொண்டு போக ஒரு எஞ்சின் ஓடும். அந்த எஞ்சினில் ஏறுகிற வேலையைச் சூபர்வைசர் இரண்டு தடவை இவருக்குக் கொடுக்கப் பார்த்தார். சந்தில் எவனுக்காவது அந்த வேலை கிடைத்திருந்தால் தெருவெல்லாம் சேமியா பாயசம் ஓடியிருக்கும். இவர் இரண்டு தடவையும் "வோணாம் சார், நமக்கு வின்ச்சே போதும்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். முதல் தடவை நான் வருவதற்கு முன். இரண்டாம் தடவை நான் வந்த பிறகு. ஆகவே மாமியார் கணக்குப்படி முதல் தடவை அவருடைய சோம்பேறித்தனம், இரண்டாம் தடவை என்னுடைய ராசி.

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து நீதிபதியாக நியமித்தோம். ரோஸா பச்சையா, அவர் சொல்வதே முடிவு என்று பேச்சு. அதற்கு இருவரும் சம்மதித்தோம். மகன் தன் பக்கம் என்று மாமியாருக்கு நம்பிக்கை. கணவன் என் பக்கம் என்று எனக்கு நம்பிக்கை.

"ரெண்டும் நல்லாத்தான் கீது" என்றார் நீதிபதி.

"ரெண்டயும் அடிக்க முடியாதே நைனா."

"அப்போ எதுனா ஒண்ணு அடிங்க."

தீர்ப்பு இந்த லட்சணத்தில் இருந்ததால் பெயிண்டரைக் கூப்பிட்டோம். வாரநாளில் கப்பலுக்கு வர்ணம் பூசுகிறவர், ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்குப் பூசுவார். யார் பேசிக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் கட்சி. மாமியார் பேசும்போது "ரோஸுன்னா ரோஸுதாம்மா" என்றார். நான் பேசும்போது "பச்சைக்கு ஈடு ஏது தங்கச்சி" என்றார். கடைசியில் ஒரு உபாயம் சொன்னார். இரண்டு பலகையில் இரண்டு நிறத்தையும் பூசிக்கொண்டு வந்து மாட்டுகிறேன், ஒரு வாரம் காலையிலும் சாயங்காலத்திலும் பாருங்கள், கண்ணே சொல்லிவிடும் என்றார்.

சொன்னபடியே கொண்டுவந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி. இடது பக்கம் ரோஸ் பலகை, வலது பக்கம் பச்சைப் பலகை. அன்று சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"தோ பாரு நைனா. இந்தாண்ட கீறது என்னுது. அந்தாண்ட கீறது உன் பொண்டாட்டிது. நல்லாப் பாத்துச் சொல்லு."

அவர் பலகைகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு அக்கறையோடு அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இதில் பாதி நேரம்தான் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. மாமியார் தனியாக இருக்கும்போது கேட்டால் என் கணவர், "இந்தாண்ட கீறது ஷோக்கா கீதும்மா" என்பார். நான் தனியாக இருக்கும்போது கேட்டால், "அந்தாண்ட கீறதுல ஒரு களை கீது" என்பார். வாயிலிருந்து ரோஸ் என்றோ பச்சை என்றோ ஒரு வார்த்தை வராது. நான் அதை ராஜதந்திரம் என்று நினைத்தேன். இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை இப்படித்தான் திசையைக் காட்டிப் பேசித் தப்பிப்பான் போலிருக்கிறது என்று, உள்ளுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

சனிக்கிழமை பேய்மழை. ஜன்னல் வழியாகத் தண்ணீர் சுவரில் இறங்கியது. பலகைகள் நனைந்துவிடுமென்று நான் இரண்டையும் கழற்றிச் சமையல்கட்டில் வைத்தேன். மழை விட்டதும் மாமியார் சுவரைத் துடைத்துவிட்டு, பலகைகளை எடுத்துப் பழையபடி மாட்டினார். பழையபடி என்று அவர் நினைத்தார். பச்சை இடது பக்கம் போய்விட்டது, ரோஸ் வலது பக்கம் வந்துவிட்டது. நான் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ரோஸ் எந்த ஆணியில் தொங்கினாலும் ரோஸ்தானே. வேலைக்குப் போயிருந்தவர் சாயங்காலம் வந்தார், சாப்பிட்டார், பலகைகளை ஒரு பார்வை பார்த்தார், படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். பெயிண்டர் பிரஷ்ஷோடு வாசலில் காத்திருந்தார். தீர்ப்பு நாள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் கணவர் ஜன்னல் அருகே போய் நின்று தொண்டையைக் கனைத்தார். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார் என்று தெரிந்தது.

"அம்மா வயசானவங்க. அவுங்க ஆசப்பட்டத அடிக்கிறதுதான் மொற. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு இடது பக்கத்துப் பலகையை உள்ளங்கையால் தட்டினார். "இந்த ரோஸையே அடிச்சிருங்க. இது பக்கத்துல அந்தப் பச்சை சோகை புடிச்ச மாதிரி கீது."

அவர் தட்டியது பச்சைப் பலகை.

பெயிண்டர் என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். எந்தக் கட்சியில் சேர்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"எதுங்க சார்?" என்றார்.

"இதுதான்யா, ரோஸு" என்று அதே பலகையை மறுபடியும் தட்டினார் என் கணவர்.

பெயிண்டர் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப் போனது. மாமியார் எழுந்தார். முகம் அவர் கேட்ட டிஸ்டம்பரின் நிறத்துக்கே வந்துவிட்டது.

"பெத்தவள நாலு பேரு முன்னால நக்கல் பண்ற அளவுக்கு வந்துட்ட இல்ல நைனா. உனக்குப் பச்ச வோணும்னா பச்சன்னு சொல்லு. கெழவி ரோஸு ரோஸுன்னு கத்திகினு கீறான்னு எதுக்கு இந்தக் கூத்து?"

"நான் இன்னாம்மா பண்ணேன்? உனக்குப் பிடிச்சதத்தான சொன்னேன்."

"இன்னும் நடிக்கிறான் பாரு. அவ சொல்லிக் குடுத்தாளா?"

நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எனக்கும் முதலில் இது வேண்டுமென்றே செய்த கேலி என்றுதான் பட்டது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இந்தப் பலகைக்கும் அந்தப் பலகைக்கும் போய்ப் போய் வந்தது. பிறகு ஆணிகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பஸ்ஸில் தூங்கிப்போய்த் தெரியாத ஸ்டாப்பில் இறங்கிவிட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. கேலி செய்கிறவன் முகம் அப்படி இருக்காது.

மாமியார் இரண்டு புடவைகளையும் ஜெபமாலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, காசிமேட்டில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெயிண்டர், "அடுத்த வாரம் வர்றேன்" என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாமனார் போட்டோவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் கணவர் காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் வந்தார். சாப்பாடு போட்டு முடித்ததும் என் நூல் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் கவிழ்த்தேன். நூல்கண்டுகள் பாயில் உருண்டன.

"எனக்குப் பச்சை நூல் வோணும். எடுத்துக் குடுங்க" என்றேன்.

அவர் சிரித்துப் பார்த்தார். "உனக்குத் தெரியாத நூலா? நீயே எடு."

"நீங்க எடுங்க."

கை நூல்கண்டுகளின் மேல் அலைந்தது. நீலத்தை நிச்சயமாக ஒதுக்கினார். மஞ்சளை ஒதுக்கினார். மிச்சம் இருந்ததில் ஒன்றைத் தொட்டார், விட்டார், இன்னொன்றைத் தொட்டார். கடைசியில் காவிக்கலர் நூல்கண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி. சரியா தப்பா என்பதை அங்கேதான் அவர் வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இது பச்சையில்ல" என்றேன்.

"தெரியும். உன் மூஞ்சிலயே தெரியுது" என்றார். பாயில் கிடந்த கண்டுகளைக் காட்டி, "எனக்கு அது தெரியாது மே. சிகப்பு, பச்சை, ரோஸு, காவி, எல்லாம் ஏதோ மண்ணு மாதிரிதான் கீது. நீலம் தெரியும். மஞ்சா தெரியும். மத்தது எல்லாம் யாரனா சொன்னாத்தான்" என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னது முழுவதும் நான் கேட்காமலே வந்தது. பள்ளிக்கூடத்தில் இலைக்குச் சிவப்பும் பூவுக்குப் பச்சையும் தீட்டி அடி வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து பக்கத்துப் பையன் எந்தப் பென்சிலை எடுக்கிறான் என்று பார்த்து எடுப்பாராம். வின்ச் வேலையில் கை சைகைதான், அதனால் கஷ்டமில்லை. எஞ்சின் வேலை அப்படியில்லை. பச்சைக் கொடி காட்டினால் நகர்த்த வேண்டும், சிவப்புக் கொடி காட்டினால் நிறுத்த வேண்டும். இருட்டினால் அதே இரண்டு நிறத்தில் விளக்கு.

"பொட்டிக்கும் பொட்டிக்கும் நடுவுல ஒரு ஆளு குந்திகினு கொக்கி மாட்டிகினு இருப்பான். அந்த நேரம் எனக்கு எந்தக் கொடின்னு தெரியலன்னா அவன் செத்தான். அவன் பொண்டாட்டிக்கு நான் இன்னா சொல்றது? அதான் வோணாம்னேன்."

"கண்ணு தெரியலன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வின்ச்சயும் புடுங்கிட்டா? சோம்பேறின்னு சொன்னா வேல போவாது."

நான் நூல்கண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். ஒருமுறை அவரிடம் அரக்குக் கலர் நூல் வாங்கிவரச் சொன்னேன், ஆலிவ் பச்சையில் வாங்கிவந்தார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவரே போய்ச் சண்டை போடுவதாகச் சொன்னார். நான்தான் தடுத்தேன். தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். கூடைக்காரி திட்டுவாள். இவ்வளவையும் கண்முன்னால் வைத்துக்கொண்டு, நிறத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சும்மா இருப்பாங்களா? ஊருல கீற எல்லா மாதா கோயிலுக்கும் என்ன இட்டுகினு போயி மெழுகுவத்தி கொளுத்துவாங்க. ராயபுரம் பூரா தெரிஞ்சிடும்."

நியாயமான பயம்தான். ஆனால் பெற்ற மகன் தன்னைக் கேலி செய்தான் என்று ஒரு தாய் காசிமேட்டில் அழுதுகொண்டிருக்கும்போது அதை விட்டுவைக்க முடியாது. தவிர, அவர் அங்கே என்னைப் பற்றி என்னென்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்ற கவலையும் எனக்கு இருந்தது. அன்று சாயங்காலமே இருவரும் நடந்து போனோம்.

மாமியார் தங்கை வீட்டு வாசலில், முறத்தில் மிளகாயைக் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கிள்ளுகிற வேகம் கூடியது. பக்கத்தில் யாரும் இல்லை. என் கணவர் அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து, என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். இடையில் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

மாமியார் முழுவதையும் கேட்டார். பிறகு முறத்திலிருந்து பழுத்த மிளகாய் ஒன்றையும் பச்சை மிளகாய் ஒன்றையும் எடுத்து இரண்டு கையிலும் பிடித்தார்.

"இது இன்னா? இது இன்னா?"

"ரெண்டும் மொளகா" என்றார் மகன்.

நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமியார் சிரிக்கவில்லை. இரண்டு மிளகாயையும் மடியில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"எங்கப்பாரும் இப்டித்தான்" என்றார் கடைசியில். "தக்காளிய தொட்டுத் தொட்டுப் பாத்துதான் வாங்குவாரு. எங்கப்பாரு மாதிரி பழம் பாத்து வாங்க ஆளே இல்லன்னு நாங்க பெருமையாச் சொல்லிகினு இருந்தோம். ஒரு வாட்டி செகப்புச் சேலை கேட்ட எங்கம்மாவுக்குப் பச்சையில எடுத்தாந்தாரு. அதுக்கு எங்கம்மா ஒரு வாரம் பேசல." மடியில் கிடந்த இரண்டு மிளகாயையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். "அந்த மனுசனும் ஒண்ணும் சொல்லலியே."

அப்புறம் மகனின் தலையை ஒரு தடவை தடவினார். மிளகாய்க் கை. மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்ததற்கு அதுதான் காரணம் என்று இருவரும் பிறகு ஒற்றுமையாகச் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியிலேயே மாமியாரின் சரித்திரம் மாறிவிட்டது. "அந்த எஞ்சின் வேல நமக்கு வோணாம் நைனா. புகை ஒடம்புக்கு ஆவாது. நான் அப்பவே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். இரண்டு வருஷமாக அவர் சொல்லிவந்தது வேறு. அதை நினைவுபடுத்த என் நாக்கு துடித்தது. அம்மா சொல்லி அனுப்பியதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தார் மாமியார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். மாதாவிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் மாதாவுக்குக் காது மந்தம் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். கோயிலில் முட்டிபோட்டு அவர் முறையிட்டது முன் பெஞ்சு அம்மாளுக்குக் கேட்டது. அவளிடமிருந்து சந்துக்கு வந்தது. சந்திலிருந்து துறைமுகத்துக்குப் போக இரண்டு ஷிப்ட் ஆனது, அவ்வளவுதான்.

சூபர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். அன்று காலை என் கணவர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். நான் சரியாகப் போட்டுவிட்டேன். மாமியார் வாசல்வரை வந்து நின்றார். வாயால் வந்த வினை என்று அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால் அதிசயமாகப் பேசாமல் இருந்தார். என் கணவர் திரும்பி வருகிறவரை நானும் மாமியாரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேல் இரண்டு பலகைகளும் தொங்கின. அவற்றைப் பார்க்கக்கூட இருவருக்கும் மனசில்லை.

சாயங்காலம் அவர் வந்து சொன்னார். சூபர்வைசர் எதுவும் கேட்கவில்லையாம். அவரை வின்ச்சில் ஏறச் சொல்லிவிட்டு, ஒரு ஷிப்ட் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தாராம். முடிந்ததும், "கையத்தான பாக்குற. பாத்துகினு இரு. எஞ்சினுக்கு வேற ஆள போட்டுக்கறேன். இத மொதல்லயே சொல்லித் தொலச்சிருந்தா உன்ன சோம்பேறின்னு திட்டியிருக்க மாட்டேன் இல்ல" என்றாராம். மாமியார் நாற்காலியில் இருந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, தான் மாதாவிடம் சொன்னதால்தான் இது இவ்வளவு நல்லபடியாக முடிந்தது என்று விளக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வந்தபோது மாமியார்தான் ஆரம்பித்தார்.

"நைனா, உனக்குக் கண்ணுக்கு நல்லாத் தெரியிற கலரு எது? அத்த அடிக்கட்டும்."

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். முந்திக்கொண்டுவிட்டார். அதற்காக நான் அவரை மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆனது. அவருடைய மகன் எங்களை மாறிமாறிப் பார்த்தார். யாருக்கு எது பிடிக்கும் என்று முகத்தில் தேடினார். இரண்டு முகத்திலும் அன்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மஞ்சா" என்றார் மெதுவாக. பிறகு இன்னும் கொஞ்சம் தைரியமாக, "நல்ல மஞ்சா. மாம்பயம் மாதிரி."

நானும் மாமியாரும் கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாக ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்காகக் கலங்கினோம். சொன்ன வார்த்தையை மாற்றவா முடியும்? பெயிண்டர், "மஞ்சளுக்கு மிஞ்சி ஒண்ணுமில்ல சார்" என்று பிரஷ்ஷை நனைத்தார்.

அந்த அறை எப்படி இருந்தது என்று விளக்குவது கஷ்டம். விடிவதற்கு முன்பே அங்கே விடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு வந்த என் அப்பா வாசற்படியிலேயே நின்று, "யாருக்காவது காமாலையா?" என்று கேட்டார். முன் பெஞ்சு அம்மாள் கேக்கோடு வந்து, சுவரைப் பார்த்து, என் மாமியாரின் கையைப் பிடித்து அழுத்தினாள். சாவு வீட்டில் அழுத்துகிற மாதிரி.

"இப்போ கப்பல்ல எல்லாம் இந்தக் கலருதான் அடிக்கிறாங்களாம். உன் புள்ள சொல்லல?" என்றார் மாமியார். நான் கேக்கை வாங்கிக்கொண்டு அவசரமாகச் சமையல்கட்டுக்குள் போனேன்.

என் கணவர் மட்டும் அந்த அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியம் அதுதான். "இன்னா வெளிச்சம் பாத்தியா" என்பார். அப்புறம் வெட்கம் விட்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். வாசலில் போகிற ரிக்‌ஷா என்ன நிறம், கோயில் கதவு என்ன நிறம், எதிர்வீட்டுச் செடியில் பூத்திருப்பது இலையிலிருந்து தனியாகத் தெரிகிறதா. நான் சொல்லுவேன். மாமியார் பக்கத்திலிருந்தால் நான் சொன்னதைத் திருத்துவார்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், நான் கல்யாணப் புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தேன். கோயிலில் கட்டிய வெள்ளை அல்ல, அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தேனே, அந்தப் பட்டு. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இன்னா கலரு?"

"அரக்குச் சிகப்பு. ஏன்?"

அவர் புடவையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணு கலருன்னு நெனச்சிகினு இருந்தேன். கல்யாணத்துக்கு மண்ணு கலருல கட்டிகினு வருதே, ரொம்பக் கஷ்டப்பட்ட வூடு போலன்னு அப்போ ஒண்ணும் கேக்கல."

எங்கள் வீட்டில் இருந்ததிலேயே விலை உயர்ந்த பொருள் அந்தப் புடவைதான். அப்பா காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்துவந்தது. இதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று உடனே முடிவு செய்தேன். என் கணவர் இன்னும் முனையை விடாமல், சிவப்பு என்றால் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டார். மடிப்பை நேராகப் பிடியுங்கள் என்றேன். பிடித்தார். இருவரும் அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தோம்.